திருப்பி அனுப்பிய தலை

படக்காரம்மாவுக்கு இடது வலது தெரியாது. அறவே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. யாராவது கேட்டால் ஒரு நொடி நிற்பார், ஒரு கையை லேசாக அசைத்துப் பார்ப்பார். கடிகாரத்தின் கனம் தெரிந்தால் அது இடது. அதற்குப் பிறகுதான் பதில் வரும். ஐம்பத்தோரு வயதிலும் அந்த ஒரு நொடி அவரை விட்டுப் போகவில்லை.

பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். முதல் வகுப்பு ஆசிரியை அந்தக் கையைப் பெஞ்சின்மேல் வைக்கச் சொல்லி அளவுகோலால் அடித்து, பென்சிலை மற்றக் கைக்கு மாற்றினார். எழுத்து மாறிவிட்டது. தலைக்குள் ஏதோ ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது. அண்ணன் வைத்த பெயர் 'நொட்டாங்கை'. கல்யாணத்துக்கு வந்து வாழ்த்தும்போதுகூட அவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

கணவர் பேருந்து ஓட்டுநர். விடுமுறை நாளில் சொந்தக் காரை எடுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது இவர் வேலை. கல்யாணமான புதிதில் ஒரு முறை இடது என்று சொல்லி, வண்டி தண்ணீர் தேங்கிய ஒரு குவாரிக்குள் போய் நின்றது. "நீ சொல்ற இடதை நம்பி நான் பஸ்ஸை ஓட்டினா, அறுபது பேரும் தண்ணிக்குள்ளதான் இறங்கணும்" என்றார் கணவர். அன்றிலிருந்து அந்த வண்டிக்குள் இடதும் கிடையாது, வலதும் கிடையாது. "உங்க பக்கம் திரும்புங்க." "என் பக்கம் திரும்புங்க." இந்த இரண்டு சொற்களை வைத்தே இருபத்தைந்து வருடமாக ஊர் சுற்றியிருக்கிறார்கள். ஒரு முறையும் வழி தவறியதில்லை.

இப்படிப்பட்ட ஒருவருக்கு வாய்த்த வேலைதான் விசித்திரம். சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு கணிப்பு மையத்தில், ஆய்வாளர்கள் போட்ட கணக்குகளைப் படமாக்கிக் கொடுப்பது. எந்திரம் இருக்கும் கூடம் பெரியது. குளிர் காற்றும் ஓயாத இரைச்சலுமாக இருக்கும். உள்ளே போகிறவர்கள் காதை மூடிக்கொண்டுதான் போவார்கள். அதை அடுத்த சின்ன அறையில், சுவரைப் பார்த்தபடி மூன்று திரைகள், ஒரு மேசை விசிறி, உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த ஒரு நாற்காலி. அதுதான் அவர் இடம். எந்திரம் நான்கு நாள் ஓடிக் கக்கும் கோடிக்கணக்கான எண்களை வைத்துக்கொண்டு எந்த மனிதரும் எதையும் புரிந்துகொள்ள முடியாது. அவற்றுக்கு வடிவமும் நிறமும் கொடுத்து, எங்கே சிவப்பு, எங்கே நீலம் என்று கண்ணுக்குக் காட்டுவது அவர் பொறுப்பு. டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்தவர். இரவல் கையேடுகளை வைத்துத் தானாகவே கற்றுக்கொண்டார்.

மையத்தில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை. என்ன கணக்குப் போடுகிறாரோ அதுவே பெயர். புயலைக் கணக்கிடுபவர் புயல்காரர். விண்மீன்களின் பிறப்பை ஆராயும் பெண்மணி நட்சத்திரம்மா. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் கணக்கிடும் ஆய்வாளர் குழாய்க்காரர். அவரை முதன்முறையாகப் பார்க்க வந்த மாமனார், மருமகன் தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கிறாரோ என்று வாசலிலேயே பயந்துபோனாராம்.

குழாய்க்காரரின் ஆய்வு ஒரு மருத்துவமனையோடு சேர்ந்தது. மூளையின் ரத்தக் குழாயில் சில பேருக்குச் சின்னதாக ஒரு வீக்கம் வரும், சைக்கிள் டியூபில் பலவீனமான இடம் புடைப்பதுபோல. வெடித்தால் பிழைப்பது கடினம். ரத்தம் அந்த வீக்கத்துக்குள் எப்படிச் சுழல்கிறது, சுவர் எங்கே நலிந்துபோகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் ஆய்வு. நோயாளி யார் என்பது மையத்துக்குத் தெரியக் கூடாது. பெயர் வராது, முகம் தெரியும் ஸ்கேனும் வராது. குழாய்களின் வடிவமும் கணக்கும் மட்டுமே வரும். அப்படிப் பதினாறு பேர் எண்களாகவே வந்து போயிருந்தார்கள்.

பதினேழாவது ஆள் மற்றவர்களைப்போல இல்லை. அவருக்கு இரண்டு வீக்கங்கள். தலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் அதே இடத்தில் இன்னொன்று, கண்ணாடியில் பார்த்ததுபோல. அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். மண்டையைத் திறந்து, ரத்தம் உள்ளே போகாதபடி வீக்கத்தின் கழுத்தில் ஒரு சின்ன கிளிப் போட வேண்டும். ஆனால் அந்த உடம்பு ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் தாங்கும். எந்தப் பக்கம் முதலில் என்று ஸ்கேனைப் பார்த்து மருத்துவர்களால் முடிவு செய்ய முடியவில்லை. இந்த முறை கணக்கு என்ன சொல்கிறதோ அதையும் கேட்போம் என்றார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். நான்கு மணிக்கு ஆள் அறுவை மேசையில்.

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்குப் படக்காரம்மா குழாய்க்காரருக்குப் படத்தை அனுப்பிவிட்டார். தெளிவான படம். இரண்டு வீக்கங்களில் ஒன்று வெளிர்நீலம். மற்றதன் உச்சி, ஆபத்தைக் காட்டும் ரத்தச் சிவப்பு. சிவப்பு இருந்த பக்கத்தில் 'வ' என்ற எழுத்து, வலது என்பதற்கு.

அனுப்புவதற்கு முன் வழக்கமான சோதனையைச் செய்திருந்தார். கோப்பிலிருந்து மூன்று புள்ளிகளைக் கையால் எடுத்து, அந்த எண்ணுக்கு உரிய நிறம்தான் படத்தில் அந்த இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். மூன்றும் பொருந்தாமல் எந்தப் படமும் அந்த அறையைத் தாண்டாது. அன்றும் மூன்றும் பொருந்தின.

ஒன்று இருபதுக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து, டிக்கெட்டை மூட உட்கார்ந்தார். ஆய்வாளர் கேட்கும் ஒவ்வொரு உதவிக்கும் கணினியில் ஒரு டிக்கெட் திறக்கும். வேலை முடிந்ததும் ஒரு வரியில் என்ன நடந்தது என்று எழுதினால்தான் அது மூடும். பழைய பேச்சைப் படித்தார். செவ்வாய்க்கிழமை அவர் எழுதியது: 'கோப்பு பாதியில் நிற்கிறது, சரியாக வந்து சேரவில்லை.' புதன்கிழமை குழாய்க்காரரின் பதில்: 'அக்கா, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.'

'திருப்பி அனுப்பிய கோப்பிலிருந்து படம் தயாரித்து' என்று தட்டத் தொடங்கியவர், 'திருப்பி'யில் நின்றுவிட்டார்.

அந்தச் சொல்லுக்கு அந்த அறையில் இன்னொரு பொருள் உண்டு. மருத்துவமனை ஸ்கேன் உடம்பை ஒரு தோளிலிருந்து எண்ணத் தொடங்கும். இவர் படம் வரையும் மென்பொருள் மறு தோளிலிருந்து எண்ணும். அதனால் குழாய்க்காரரிடமிருந்து வரும் ஒவ்வொரு தலையையும் இவர் ஒரு முறை பக்கம் மாற்றியாக வேண்டும். அதற்கு அவர்கள் சொல்லும் சொல் திருப்புவது. பதினாறு தலைகளையும் இவர்தான் திருப்பினார். பதினேழாவதையும் இன்று காலை திருப்பினார்.

குழாய்க்காரர் மறுபடி அனுப்பியிருந்தால் கவலை இல்லை. அவரே திருப்பிவிட்டு அனுப்பியிருந்தால்? இரண்டு முறை திருப்பிய தலை, கண்ணாடிக்குள் இருக்கும் தலை. மூன்று புள்ளிச் சோதனையில் அது பிடிபடாது. கண்ணாடியில் தெரியும் முகத்திலும் மூக்குக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. வேறு நோயாளியாக இருந்தால் மருத்துவரே பார்த்தவுடன் சொல்லிவிடுவார், வீக்கம் தப்பான பக்கத்தில் இருக்கிறதே என்று. இந்த ஆளுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

அவர் கை தானாகப் போய்க் கடிகாரத்தைத் தொட்டது.

குழாய்க்காரர் காலை ரயிலில் மருத்துவமனைக்குப் புறப்பட்டிருந்தார். நான்காவது முறைதான் போனை எடுத்தார்.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. புதன்கிழமை கோப்பைத் திருப்பினீங்களா?"

"ஆமாக்கா, திருப்பி அனுப்பிட்டேனே. வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. நான் கேட்கிறது அது இல்ல. திருப்பி அனுப்பினீங்களா, இல்ல திருப்பிட்டு அனுப்பினீங்களா?"

"என்னக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல தம்பி! மறுபடி அனுப்பினீங்களா, பக்கம் மாத்தி அனுப்பினீங்களா?"

"ஹலோ? அக்கா, சுரங்கம் வருது... உங்களுக்கு வேலை மிச்சம்..."

போன் செத்துப்போனது.

வேலை மிச்சம். உங்களுக்கு வேலை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று சொல்ல வந்தாரா? அப்படியென்றால் திருப்பிவிட்டார். உங்களுக்கு வேலை மிச்சம் இருக்கிறது என்று சொல்ல வந்தாரா? அப்படியென்றால் திருப்பவில்லை. ஒரே பேச்சில் இரண்டு சொற்கள், இரண்டும் இரண்டு பக்கமும் பார்த்து நின்றன. மறுபடி கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஒன்று நாற்பத்தைந்து.

மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் கெட்டவர் அல்ல. விதியை விதியாகவே பார்ப்பவர், அவ்வளவுதான். முழுவதையும் கேட்டார்.

"படம் தப்புன்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது சார். சரின்னும் தெரியாது."

"கோப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா?"

"எண்ணுதான் சார் இருக்கு. எண்ணுக்கு இடது வலது கிடையாது."

மேலாளர் பேனாவை மூடினார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்த ஆபீஸ்ல உங்க படத்தைக் குறை சொல்ல ஆள் இல்ல. ஆனா லிஃப்ட்டை விட்டு இறங்கினா உங்க ரூம் எந்தப் பக்கம்னு இன்னிக்கும் நீங்க கையைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் நடக்கிறீங்க. நீங்க போன் பண்ணி ஒரு டாக்டர்கிட்ட, இடது வலதுல எனக்குச் சந்தேகமா இருக்குன்னு சொன்னா அவர் என்ன நினைப்பாரு?"

"சிரிப்பாரு."

"சிரிச்சா பரவாயில்ல. நம்ம மையத்தோட படத்தை இனிமே தொட மாட்டாரு. ஆஸ்பத்திரியோட நாம நேரா பேசக் கூடாது, நோயாளி விவரம் எதுவும் கேட்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். எதுவா இருந்தாலும் குழாய்க்காரர் மூலமாத்தான் போகணும். அவரையே திருப்பித் திருப்பிக் கூப்பிட்டுப் பாருங்க."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் படக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வாய் மட்டும் கோணியது, சத்தம் வரவில்லை.

அறைக்கு வந்து ஐந்து முறை கூப்பிட்டார். பதில் இல்லை. திரையில் அந்தத் தலை மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. எலும்பில்லை, தோலில்லை, முகமில்லை. இலையுதிர்ந்த மரம்போலக் குழாய்கள் மட்டும். இவருக்கு அந்த ஆளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இதுதான். இது யாரோ ஒருவரின் தலை என்பதைப் பதினாறு முறையும் அவர் அவ்வளவாக நினைத்ததில்லை. இப்போது நினைத்தார். அந்த ஆள் எங்கோ ஒரு கட்டிலில், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், நான்கு மணிக்காகக் காத்திருக்கிறார்.

இடது என்றால் என்ன என்று சொல்லாலேயே விளக்க முயன்றவர்களுக்கு ஒன்று தெரியும்: முடியாது. இரண்டு கைகளிலும் விரல்கள் ஐந்து, விரலுக்கு விரல் உள்ள தூரமும் ஒன்று. ஆனாலும் ஒரு கையின் உறை மறு கையில் ஏறாது. அந்த வேறுபாட்டைச் சொல்ல எந்த எண்ணும் இல்லை, எந்த இலக்கணமும் இல்லை. கடைசியில் யாரோ ஒருவர் தன் உடம்பைத் தொட்டு 'இது' என்று காட்டியாக வேண்டும். மற்றவர்கள் சிறு வயதில் ஒரு முறை தொட்டுக் காட்டப்பட்டு அதை மறந்துவிட்டார்கள். அதைப் பெரிய அறிவாகக் கொண்டாட ஒன்றுமில்லை. படக்காரம்மாவுக்கு மறக்கும் வசதி கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்தே தீர வேண்டும். அன்று மதியம் அந்த மையத்தில் இந்தச் சிக்கலின் அடி வரை போகக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். அதே காரணத்தால் அவர் சொல்லைத்தான் யாரும் நம்ப மாட்டார்கள்.

தலையைச் சுழற்றி, அதுவரை கவனிக்காத அடிப்பகுதியைப் பெரிதாக்கினார். கழுத்திலிருந்து மேலேறும் இரண்டு பெரிய குழாய்கள். ஒன்று நேராக ஏறியது. மற்றது தாடைக்கு அருகில் ஒரு முறை வளைந்து, கொக்கிபோலச் சுருண்டு, பிறகு ஏறியது. மருத்துவருக்குப் போன படத்தில் அந்த இடம் இல்லை. வீக்கத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காக வெட்டியிருந்தார்.

சிவப்பு வீக்கம் கொக்கி இருக்கும் பக்கத்தில் இருந்தது.

தலையை ஒரு முறை திருப்பினார். கொக்கியும் சிவப்பும் சேர்ந்தே மறுபக்கம் போயின. மறுபடி திருப்பினார். சேர்ந்தே வந்தன. நூறு முறை திருப்பினாலும் சிவப்பு கொக்கியோடுதான் இருக்கும். உங்க பக்கம், என் பக்கம். வண்டி எந்தத் திசையில் நின்றாலும் ஓட்டுகிறவர் பக்கம் ஓட்டுகிறவர் பக்கம்தான்.

கோப்பின் முன்பக்க விவரத்தில் ஸ்கேன் அறையின் தொலைபேசி எண் இருந்தது. மேசைமேல் இருந்த அலுவலகத் தொலைபேசியைப் பார்த்தார். பிறகு சொந்தக் கைப்பேசியை எடுத்தார். இரண்டு இருபது.

"ஸ்கேன் ரூம்." ஏதோ மென்றுகொண்டே பேசும் குரல்.

"நான் கணிப்பு மையத்திலிருந்து பேசறேன். ஆய்வுல பதினேழாம் நம்பர். அவர் யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். அந்த ஸ்கேனைத் திறந்து ஒண்ணே ஒண்ணு பார்த்துச் சொல்ல முடியுமா?"

"மேடம், சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"அவருக்கு நாலு மணிக்கு மண்டையைத் திறக்கப் போறாங்க."

மெல்லும் சத்தம் நின்றது. நாற்காலி இழுபடும் ஒலி. "சொல்லுங்க."

"கழுத்துல ஏறுற குழாய் ஒண்ணு கொக்கி மாதிரி சுருண்டிருக்கும். தெரியுதா?"

"இருங்க... ஆமா, இருக்கு. நல்லாவே சுருண்டிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

"சார், நான் உங்க பக்கத்துல இல்ல."

"அட, ஆமால்ல. இடதும்மா."

"யாரோட இடது? உங்களுக்கா, அவருக்கா?"

"ஸ்கேன்ல ஆள் நம்மளைப் பார்த்து நிக்கிற மாதிரிம்மா. நமக்கு வலதுன்னா அவருக்கு இடது. அப்ப நமக்கு... நமக்கு இங்க வருது, அவருக்கு..." ஸ்கேன்காரர் நின்றார். "என்னம்மா இது, பதினஞ்சு வருஷமா பார்க்கிறேன், நீங்க கேட்டதும் எனக்கே குழம்புது!"

"குழப்பிக்க வேண்டாம். இடது வலதை விட்டுடுங்க. அவர் தலையில ஒரு பக்கம் மட்டும் இருக்கிற மாதிரி வேற அடையாளம் எதாவது இருக்கா? மச்சம், தழும்பு, எதுனாலும்."

"மச்சம் ஸ்கேன்ல தெரியாதும்மா." மௌஸ் சொடுக்கும் சத்தம். "பல்லு இருக்கு. கீழ்க் கடவாய்ப் பல்லு ஒண்ணை அடைச்சிருக்காரு, உலோகம் போல. பளீர்னு வெள்ளையா அடிக்குது. ஒரே ஒரு பல்லுதான்."

படக்காரம்மா நாற்காலியில் நிமிர்ந்தார். "கொக்கி அந்தப் பல்லு பக்கமா, எதிர்ப்பக்கமா?"

"எதிர்ப்பக்கம்."

"நிச்சயமா?"

"அம்மா, இதுல என்ன சந்தேகம்? பல்லு ஒரு பக்கம், கொக்கி மறுபக்கம். கொழந்தைகூடச் சொல்லும்."

நன்றி சொல்லி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைப் பக்கத்தில் கழுத்து தெரியும் முழுப் படத்தை ஒட்டினார். 'இ', 'வ' இரண்டு எழுத்துகளையும் அழித்தார். கீழே எழுதினார்: 'ஆபத்தான வீக்கம், அடைத்த பல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ளது. முன்பு அனுப்பிய படத்தின் பக்க எழுத்துகளை நம்ப வேண்டாம்.' குழாய்க்காரருக்கு அனுப்பினார். அறுவை மருத்துவரின் முகவரி அவரிடம் இல்லை, இருக்கவும் கூடாது.

இரண்டு நாற்பத்தேழுக்குக் குழாய்க்காரரே கூப்பிட்டார். மருத்துவமனை வந்துவிட்டார், மூச்சிரைத்தது.

"அக்கா, என்ன இது பல்லு, கொக்கி? நான்தான் திருப்பிட்டேனே! ஒவ்வொரு தடவையும் நீங்களே திருப்புறீங்க, பாவம், இந்தத் தடவை உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு நம்ம புரோகிராம்லயே மாத்திட்டுத்தான் அனுப்பினேன்."

"நானும் திருப்பிட்டேன் தம்பி."

மறுமுனையில் மருத்துவமனை ஒலிபெருக்கி யாரையோ அழைத்தது.

"படம் காலையிலேயே டாக்டருக்குப் போயிடுச்சுக்கா."

"தெரியும். அதான் கூட்டம் இருக்கே. போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? மூணு வருஷமா கெஞ்சி, இப்பதான் முதல் தடவையா எங்க கணக்கைக் கேட்கிறேன்னு ஒத்துக்கிட்டாரு. நான் போய், சார், இடது வலது மாறிப்போச்சுன்னு சொன்னா வெளியே போன்னுடுவாரு. ஆய்வே முடிஞ்சுடும்க்கா."

"உங்களை வெளியே போகச் சொல்லட்டும். கத்தி உள்ளே போற பக்கம் சரியா இருக்கட்டும்."

"நீங்க நிச்சயமா சொல்றீங்களா? அக்கா, கோபப்படாதீங்க, உங்களுக்கு எப்பவுமே..."

"எனக்கு இடது தெரியாதுன்னுதான் சொல்றீங்க. தெரியாதுதான். நான் இடதுன்னும் சொல்லலை, வலதுன்னும் சொல்லலை. அந்த ஆளை வாயைத் திறக்கச் சொல்லுங்க. பல்லைப் பார்க்கட்டும். பல்லுக்கு எதிர்ப்பக்கம் போகட்டும். இதுல எனக்குத் தெரிய வேண்டியது என்ன இருக்கு?"

லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. தொடர்பு போய்விட்டது.

மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. புயல்காரர் ஒரு சந்தேகத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரேன்" என்று போய்விட்டார். படக்காரம்மா மூன்று முறை கைப்பேசியை எடுத்து மூன்று முறையும் வைத்தார். கூட்டத்துக்குள் இருப்பவரைக் கூப்பிட்டு என்ன ஆகும்? அவர் சொல்லியிருப்பார், அல்லது சொல்லியிருக்க மாட்டார். பக்கத்துக் கூடத்தில் எந்திரம் யாருக்காகவோ இரைந்துகொண்டிருந்தது. நான்கு மணிக்கு, தன்னை அறியாமல், தன் தாடையைத் தடவிப் பார்த்தார். அவர் வாயிலும் ஓர் அடைத்த பல் உண்டு. அது எந்தப் பக்கம் என்று இதுவரை யோசித்ததில்லை.

மாலை கணவர் பேருந்து நிறுத்தத்திலிருந்து காரில் அழைத்துப் போனார். வழியெல்லாம் மனைவி பேசவே இல்லை என்பதால், "என்ன, எந்த குவாரிக்குள்ள நிக்கிறே?" என்று கேட்டார். இவர் நடந்ததைச் சொன்னார். கணவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அவன் சொல்லியிருப்பான்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "சொல்லியிருப்பான்ல?" என்று அவரே கேட்டார்.

மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு ஸ்கேன்காரர் அழைத்தார்.

"அம்மா, நான்தான், பல்லு."

"சொல்லுங்க."

"நோயாளி விவரம் சொல்லக் கூடாது. அதனால நான் சொல்லலை, நீங்க கேட்கலை, சரியா? நேத்து மதியமே, திறக்க வேண்டிய பக்கம் இதுன்னு, அவருக்கு ஒரு பக்க நெத்திப் பொட்டுல மை வெச்சுட்டாங்க, உங்க படத்தைப் பார்த்து. உங்க ஆய்வாளர் மூணு மணிக்கு உள்ளே போய் என்னமோ சொல்லியிருக்காரு. டாக்டர் கத்தின கத்து எங்க ரூம் வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் தானே எழுந்து வார்டுக்குப் போய், டார்ச் அடிச்சு அந்த ஆள் வாயைப் பார்த்திருக்காரு. மையை அழிச்சுட்டு மறுபக்கம் வெச்சாங்க."

"திறந்தாங்களா?"

"திறந்தாங்க. வீக்கத்தோட சுவர் வெங்காயச் சருகு மாதிரி இருந்துச்சாம். உள்ளே ரத்தம் சுத்துறது வெளியே தெரிஞ்சுச்சாம். கிளிப் போட்டாச்சு. இன்னொரு பக்கத்தை மூணு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்ங்கிறாங்க."

"ஆளு?"

"கண்ணு முழிச்சுட்டாரு. முதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா? மண்டையில ஆபரேஷன்னு சொல்லிட்டு எதுக்குய்யா என் வாயைத் திறந்து பார்த்தீங்கன்னு."

படக்காரம்மா அப்போதுதான் சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் மேலாளர் வாசலில் நின்றார், கையில் ஒரு தாள். மருத்துவமனையிலிருந்து அவருக்குச் சேதி வந்திருந்தது; நேரடியாகத் தொடர்புகொண்டதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. மூன்று நாளைக்குள் பதில் தர வேண்டும்.

"நான் கேட்டுத்தான் ஆகணும் மேடம்."

"கேளுங்க சார். எழுதித் தரேன்."

மேலாளர் போகாமல் நின்றார். "அந்த வார்த்தையை இனிமே யாரும் டிக்கெட்ல எழுதக் கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை போடலாம்னு பார்க்கிறேன்" என்றார். எந்த வார்த்தை என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அதற்கு மேல் பாராட்டாக எதுவும் அந்த அறையில் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லையோ என்னவோ. தவறில் பாதி தன்னுடையது என்பது படக்காரம்மாவுக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த முறை புள்ளி மூன்றோடு அடையாளம் ஒன்றும் சேர வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார்.

டிக்கெட் இன்னும் மூடப்படாமல் கிடந்தது. திறந்தார். குழாய்க்காரரிடமிருந்து ஒரு புதிய வரி வந்திருந்தது. டாக்டர் ஆய்வை நிறுத்தவில்லை என்றும், அடுத்த நோயாளியின் பல் விவரத்தையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வேண்டுகோள்: 'பதிவுக்காக அந்தப் பழைய படத்தைச் சரிசெய்து திருப்பி அனுப்ப முடியுமா அக்கா?'

படக்காரம்மா அந்த வரியைப் படித்தார். விரல்கள் விசைப்பலகைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு எழுதினார்:

'எந்தத் திருப்பி?'

பதில் வரும்வரை அவர் அந்தக் கோப்பைத் தொடவில்லை.